மூன்றாம் நம்பர் ஆல்பம்

அத்தியாயம் 14

கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்தது வியாழக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலைக் காபிக்குள் வீட்டில் இருந்த நாலு பேரும் அதற்கு வைத்தியம் சொல்லி முடித்திருந்தார்கள்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய அந்த வீட்டைப் பிளாட் கட்டுகிறவர்களிடம் கொடுக்கக் கையெழுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். அடையாறில் பிடித்திருக்கும் வாடகைப் போர்ஷனுக்குச் சாமான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். போன வாரம்வரை தெரியாமல் இருந்தது ஒன்று உண்டு. ஸ்ரீரங்கனின் தம்பி அச்யுதனுக்கு மூட்டை கட்டுவதில் இருக்கும் வெறி.

அச்யுதன் இருபத்தெட்டு வருஷம் கோடம்பாக்கத்தில் குப்பை கொட்டி, புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனவர். தனிக்கட்டை. "இருநூறு பேர் யூனிட்டை ஊட்டிக்குக் கூட்டிண்டு போய், ஒரு தம்ளர் குறையாம திரும்பினவன் நான். இந்த நாலு பீரோ எனக்கு எந்த மூலைக்கு?" என்று வந்து இறங்கியவர், மூன்று நாளாகக் கயிறும் கையுமாகத் திரிகிறார். நேற்று ஸ்ரீரங்கன் சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்த மணையையே உருவப் பார்த்தார். இன்னும் ஒரு நாள் விட்டால் மனுஷர்களையும் சாக்கில் போட்டுத் தைத்துவிடுவார் என்று மன்னி சூடாமணிக்குப் பயமாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் கம்ப்யூட்டரின் முனகல்.

அது மதுவந்தியின் கம்ப்யூட்டர். ஸ்ரீரங்கன், சூடாமணி தம்பதியின் ஒரே பெண். தி.நகரில், கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொடுக்கும் டி.டி.பி. சென்டரில் வேலை. அங்கிருந்து ஸ்கேனரை இரவல் வாங்கி வந்து, வீட்டு ஆல்பங்களில் இருக்கும் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆல்பம் ஏறிவிட்டது. மூன்றாவதைத் தொடும் நேரத்தில், பெட்டிக்குள்ளிருந்து யாரோ பாக்கு வெட்டுவதுபோல் டக், டக் என்று சத்தம்.

"ஹார்ட் டிஸ்க் போயிண்டிருக்கு" என்றாள் மது. "இன்னிக்கோ நாளைக்கோ மொத்தமா நின்னுடும். ஒரு மாசமா உக்காந்து ஏத்தினதெல்லாம் போயிடும். அதுக்குள்ள வேற எதுலயாவது எடுத்து வச்சாகணும்."

"நெகட்டிவ் வச்சிருக்கியோ? அப்புறம் என்னடி பயம்?" என்றார் அச்யுதன். "நெகட்டிவ் மட்டும் கையில இருந்தா உலகமே முழுகினாலும் பிரிண்ட் போட்டுக்கலாம்."

"பாதிக்கு மேல நெகட்டிவ் கிடையாது சித்தப்பா. எல்லாம் தாத்தா காலத்து ஸ்டூடியோவோட போச்சு."

ஸ்ரீரங்கன் காபி டவராவைக் கீழே வைத்தார். ஹைகோர்ட்டில் ரெகார்ட் செக்‌ஷன் அதிகாரி. பழைய கட்டுகளோடு வாழ்ந்து வாழ்ந்து, அவர் பேச்சே கொஞ்சம் தீர்ப்பு மாதிரித்தான் வரும். "எதுவா இருந்தாலும் மூணு பிரதி இருக்கணும். ஒண்ணு ஆத்துல. ஒண்ணு லாக்கர்ல. ஒண்ணு வேற ஊர்ல. ஒரே எடத்துல மூணையும் வைக்கறதும் ஒண்ணுதான், வைக்காம இருக்கறதும் ஒண்ணுதான்."

"சரிப்பா, எதுல பிரதி எடுக்கறது? அதைச் சொல்லுங்கோ. பிளாப்பின்னா முந்நூத்தம்பது வேணும். அதுல பத்து கெட்டுப்போகாதுன்னு யார் கேரண்டி? எங்க சென்டர்ல ஜிப் டிரைவ்னு ஒண்ணு இருக்கு. ஆனா அந்த டிஸ்க்கைத் திரும்பப் படிக்கறதுக்கு அதே மெஷின் வேணும். பத்து வருஷம் கழிச்சு அந்த மெஷினை எங்க போய்த் தேடறது? பாண்டி பஜார்ல நூர் முஹம்மது பாய் புதுசா சிடி ரைட்டர் வாங்கியிருக்கார். ஒரே தகட்டுல எல்லாம் அடங்கிடும். லேசர்ல எழுதறது. அழிக்கவே முடியாது."

"அழிக்கவே முடியாதா?" என்று கேட்டாள் சூடாமணி.

கேட்ட குரல் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"முடியாதும்மா. அதானே சௌகர்யம்? ரெண்டு ஆல்பத்தை இன்னிக்குக் காலம்பரயே போய் எழுதிண்டு வந்துடறேன். மத்யானம் புது டிஸ்க் போட்டு மூணாம் நம்பரை ஆரம்பிக்கணும். அதுலதான் பின்பக்கமெல்லாம் தேதி, பேரு எழுதியிருக்கு. ஒவ்வொண்ணா மூலையிலேர்ந்து கழட்டி ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணப்போறேன்."



"எல்லாத்தையும் எதுக்குடி காப்பாத்தணும்? சிலது போனாப் போகட்டுமே" என்றாள் சூடாமணி.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத சூடாமணியா இப்படிப் பேசுகிறாள்?

அவள் பயம் அவளுக்கு. மூன்றாம் நம்பர் ஆல்பம் அவளுடைய கல்யாண ஆல்பம். கறுப்புக் காகிதத்தில், நாலு மூலையிலும் குட்டி முக்கோணம் ஒட்டிச் செருகிய போட்டோக்கள். அதில் பதினோராம் பக்கத்தில் சம்பந்திகள் எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பெரிய குரூப் போட்டோ. அதற்குப் பின்னால் இன்னொரு போட்டோ இருக்கிறது. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே ஒளித்துவைத்தது.

அந்தப் போட்டோவில் சூடாமணிக்குப் பத்தொன்பது வயது. கையில்லாத பனியன், கால்சராய், கறுப்புக் கண்ணாடி, கையில் டென்னிஸ் மட்டை. கதாநாயகிக்குப் பின்னால் ஓடிவரும் எட்டுக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி. கூடப் படித்த சீதாவின் மாமா அந்தப் படத்தில் உதவி டைரக்டர். ஒரு பெண் வரவில்லை என்று சீதா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு நாள். அடுத்த நாள் யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்துக்கொள்ள எடுத்த ஸ்டில்லில் ஒரு பிரதியை, ஸ்டில் போட்டோகிராபர் அவளிடம் கொடுத்தார். "நல்லா சிரிக்கிறேம்மா" என்றார். அந்தச் சிரிப்புக்காகத்தான் கிழித்துப்போட மனசு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்த ஸ்ரீரங்கன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சினிமாவெல்லாம் உண்டா?" அப்போது அச்யுதன் பி.காம்.மைப் பாதியில் விட்டுவிட்டுக் கோடம்பாக்கத்துக்கு ஓடிப்போய் நாலு வருஷம். சினிமா என்ற சொல்லே அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. சூடாமணி தலையைக் குனிந்துகொண்டு, "அவ்வளவா கிடையாது" என்றாள். பொய்யென்று சொல்ல முடியாது. ஒரு நாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்று அவர் கோபித்துக்கொள்வார் என்றுகூட அவள் பயப்படவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்டாட்டியிடம் டென்னிஸ் மட்டைக்காக யார் கோபித்துக்கொள்வார்கள்? இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

ஒன்பது மணிக்கு மது, கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாண்டி பஜாருக்குக் கிளம்பினாள். ஸ்ரீரங்கன், எலெக்ட்ரீஷியன் வருவதாகச் சொன்னதால் அடையாறு வீட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கப் போனார். இனி அச்யுதன் ஒருத்தர்தான் பாக்கி. அவரோ கூடத்தில் ஆல்பம் அலமாரிக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, டெம்போ டிரைவர் செந்தில்குமாருக்குக் கட்டில் கழற்றும் சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் டிரிப் கிளம்பட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று சூடாமணி குளிக்கப் போனாள்.

தப்பு அங்கேதான் நடந்தது.

ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வந்து பார்த்தால், அலமாரி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர்தான் இருந்தது.

"ஆல்பமெல்லாம் எங்கே?"

"போயாச்சு மன்னி" என்றார் அச்யுதன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "முதல் டிரிப்லயே ஏத்திட்டேன்."

"யார் ஏத்தச் சொன்னா? மது மத்யானம் வந்து பண்ணணும்னாளே!"

"அவதானே சொன்னா? போர்டைப் பாருங்கோ!"

கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைக்கு ஆகவேண்டிய காரியங்களை அவரவர் அதில் எழுதிவைக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும் என்பது ஸ்ரீரங்கன் போட்ட சட்டம். அதில் மதுவின் அவசரக் கையெழுத்தில் இருந்தது: 'ஆல்பம் 1, 2, 3. இன்றே பேக்கப். மது.'

அச்யுதன் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "பேக்கப்னா என்ன? முடிஞ்சுது, மூட்டையைக் கட்டுன்னு அர்த்தம். டைரக்டர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை விழுந்தப்புறம் அஞ்சு நிமிஷம் தாமதம் பண்ணினவன் இல்லை நான்."

சூடாமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மது நகல் எடுப்பதைத்தான் ஒரு மாதமாக 'பேக்கப்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு வார்த்தை; தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. சட்டம் போட்ட மனுஷரைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது டிரிப் ஏற்றியதும், அவள் ஈரத்தலையோடு டெம்போவின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். செந்தில்குமார் திகைத்துப்போனான்.

"இன்னா மாமி, ஆட்டோ ஒண்ணு பிடிச்சினு வர்றதுதானே? இதுல தூக்கித் தூக்கிப் போடும்."

"பரவாயில்லைப்பா. நீ ஓட்டு. அந்த ஆல்பமெல்லாம் எந்தப் பெட்டில இருக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? சினிமா சாரு எல்லாப் பொட்டிலயும் இன்டோர், அவுட்டோர்னு எழுதிக்கினாரு. பெரிய சாரு அங்கதான் குந்திக்கினு கீறாரு. அவராண்ட கேளு."

அவரிடம் கேட்பதா! சாந்தோம் நெடுஞ்சாலை முழுவதும் சூடாமணி ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டு வந்தாள். பாலம் ஏறும்போது அது கச்சிதமாக இருந்தது. இறங்கும்போது நாலு ஓட்டை தெரிந்தது. இன்னொரு பொய்யை ஆரம்பிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

மாடி ஏறினாள். காலிக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பெட்டியை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்றாம் நம்பர் ஆல்பம் விரித்திருந்தது.

"எலெக்ட்ரீஷியன் வரலை" என்றார். "பொழுது போகலைன்னு பிரிச்சேன். உங்க பெரியப்பா அன்னிக்கே எவ்வளவு குண்டு பார்த்தியா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது. பத்து.

"ஏன்னா, அது வேண்டாம்" என்றாள் சூடாமணி.

"எது வேண்டாம்?"

ஜோடித்த பொய் எதுவும் வாயில் வரவில்லை.  

ஸ்ரீரங்கன் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். குரூப் போட்டோவின் ஒரு மூலையைப் பதமாக நெம்பி எடுத்தார். பின்னால் வெறும் கறுப்புக் காகிதம்.

"இதைத் தேடிண்டுதானே தலையைக்கூடத் துவட்டாம ஓடி வந்திருக்கே? அது இங்க இல்லை சூடா. பதிமூணு வருஷம் ஆச்சு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எண்பத்தஞ்சுல பெருமழை பேஞ்சு கூடத்துல தண்ணி வந்துதே, ஞாபகம் இருக்கா? நீ பிரசவத்துக்கு வந்திருந்த உன் தங்கையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தே. ஆல்பம் நனைஞ்சுடுத்து. ஒவ்வொண்ணா எடுத்து உலர்த்தினேன். இதுக்குப் பின்னால ஒண்ணு ஒட்டிண்டிருந்தது. உரிச்சா, நீ நிக்கறே."

"பார்த்தவுடனே தெரிஞ்சுதா?"

"கண்ணாடி போட்டா சிரிப்பு மாறிடுமா என்ன?" என்றார். "ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டா போயிருக்கும். மாட வீதி ஸ்டூடியோவுல கொடுத்து, புதுசா நெகட்டிவ் எடுத்து, பிரிண்ட் போட்டேன். திரும்பி அதே எடத்துல வைக்கணும்னுதான் நெனச்சேன். கொடுக்க மனசு வரலை."

பக்கத்தில் கிடந்த ஆபீஸ் பையைத் திறந்து, ஹைகோர்ட் அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை உருவினார். ஓரங்கள் மழுங்கியிருந்தன. பத்தொன்பது வயதுச் சூடாமணி டென்னிஸ் மட்டையை ஓங்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீ ஒளிச்சு வச்சதை எடுத்துண்டு வந்து நீட்டினா, அது கேள்வியா இருக்காது, விசாரணையா இருக்கும். அதைத்தான் நாள் பூரா பார்க்கறேனே கோர்ட்டுல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

சூடாமணி அழுதாள். வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்த அழுகை. அவர் சமாதானம் சொல்லத் தெரியாமல், அவள் தலையில் முடிந்திருந்த துண்டை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். அவள் முகத்தைத் துடைப்பதா தலையைத் துவட்டுவதா என்று புரியாமல் இரண்டையும் செய்தாள்.

"அது போகட்டும். எந்தப் படம் அது?" என்றார் ஸ்ரீரங்கன். "எனக்கு அது தெரிஞ்சாகணும். தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை போடற ஒரு பழைய படம் விடாம பார்த்துண்டு வரேன். எந்தப் படத்துலயாவது மட்டையைத் தூக்கிண்டு நாலு பொண்கள் ஓடினா, எழுந்து டி.வி. கிட்டப் போய் நின்னுண்டு பார்க்கறேன். நீ வரவே மாட்டேங்கறே."

சினிமாவே பிடிக்காத மனுஷர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஏன் டி.வி.யில் மூக்கு இடிக்கிற மாதிரி நிற்கிறார் என்று அவள் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாள்! கண் பரிசோதனைக்கு வேறு இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனாள்.

"பட்டணத்துப் பந்தயம்" என்றாள், மெதுவாக.

"கேள்விப்பட்டதே இல்லையே."

"எப்படிக் கேள்விப்படுவேள்? படம் வெளியிலயே வரலை. பாதியில டைரக்டருக்கும் ஹீரோவுக்கும் சண்டை. பெட்டிக்குள்ளயே தூங்கிடுத்து."

ஸ்ரீரங்கன் அவளையே பார்த்தார். "அப்போ பதிமூணு வருஷமா நான் பார்த்ததெல்லாம்?"

"வெட்டி" என்றாள் சூடாமணி.

முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு இருவருக்குமே ஞாபகம் இல்லை. படியேறி வந்த மதுவும் அச்யுதனும் பார்த்தபோது, இரண்டு பேரும் வெறுந்தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுவின் கையில் தங்க நிறத்தில் ஒரு சிடி. வரும் வழியெல்லாம் சித்தப்பாவுக்கு பேக்கப்பின் இன்னொரு அர்த்தத்தைச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. "ரெண்டு ஆல்பமும் முழுசா வந்துடுத்தும்மா. எழுதி முடிச்ச அரை மணிக்குள்ள டிஸ்க் நின்னுபோச்சு. பாய் இன்னொரு சிடியும் எழுதி, அதை வேற ஊருக்கு அனுப்பிடுங்கன்னார். திருச்சி அத்தைக்கு அனுப்பிடலாம்." அப்போதுதான் அப்பா கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். "இது யாருப்பா, ஹீரோயின் மாதிரி?"

"ஹீரோயின் மாதிரி என்ன? ஹீரோயினேதான். உங்கம்மா. இதை முதல்ல அந்த அழிக்க முடியாததுல எழுது."

சூடாமணியே விஷயத்தைச் சொன்னாள். சீதா, ஸ்டூடியோ, மட்டை, ஒளித்தது, எல்லாம். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே போயிற்று. மது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நன்னா இருக்கு! எல்லாரும் ஒளிச்சு வச்சேளே, ஒருத்தராவது காப்பி எடுத்து வச்சேளா?"

"நான் எடுத்தேன்" என்று ஸ்ரீரங்கன் கையைத் தூக்கினார்.

அச்யுதன் மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த கயிற்றுச் சுருளை இறக்கி வைத்தார்.

"எந்தப் படம்னேள் மன்னி? பட்டணத்துப் பந்தயமா?"

"ஆமாம். உங்களுக்குத் தெரியுமா?"

"என் முதல் கம்பெனி அது. ஆபீஸை மூடினப்போ நான் அங்க எடுபிடி. ஆறு ரீல் எடிட் பண்ணி வச்சிருந்தா. குப்பையில போடப்போனா. மனசு கேக்கலை, நான் தூக்கிண்டு வந்துட்டேன்."

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் சினிமாவைப் பற்றித் தம்பியிடம் அவர் ஒரு கேள்வி கேட்டது கிடையாது. இப்போது கேட்டார்.

"எங்கடா வச்சிருக்கே?"

"கோவிச்சுக்கப்படாது அண்ணா. நம்மாத்துலதான். அப்பாவுக்கும் உனக்கும் தெரியாம, ராத்திரி... சமையலறைப் பரண் மேல. வட்டவட்டமா ஆறு தகர டின்."

சூடாமணியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"துருப்பிடிச்சு, மூடி திறக்கவே வராத டின்னா?"

"அதேதான் மன்னி. பார்த்தேளா?"

"நேத்து மத்யானம்தான்" என்றாள் அவள், "திறக்கவே வரலையேன்னு பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டேன்."



"எந்த இரும்புக்காரன்?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்கவில்லை. ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் தம்பியின் செருப்புமாக, "செந்தில்குமார், வண்டியை எடுக்காதேப்பா, நில்லு!" என்று கத்திக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தார்.